கிருபையும் போதும்பொண்ணும்

ஜூலை 3, வியாழன்

பாஸ்டர் சரி சொல்லிவிட்டார்! ஆகஸ்ட் பத்து, ஞாயிற்றுக்கிழமை காலை, முல்லைப் பெரியாற்றில் எனக்கு ஞானஸ்நானம். கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சுழல் நாற்காலியில் மூன்று சுற்றுச் சுற்றினேன். நாலாவது சுற்றில் ஒருவர் ஆதார் திருத்தத்துக்கு வந்துவிட்டார்.

இந்த நாளை எழுதி வைக்க வேண்டும் என்றுதான் நோட்டு வாங்கினேன். எழுதுகிறவள் பேர் போதும்பொண்ணு. வயது இருபத்தாறு. சின்னமனூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. நாலு அக்காக்களுக்குப் பிறகு ஐந்தாவதும் பெண்ணாகவே வந்து நின்றதால், இனிமேல் பெண் போதும் என்று மேலே கேட்கும்படியாக அப்பா வைத்த பேர். கேட்டுவிட்டது. அடுத்தது தம்பி செல்லப்பாண்டி. பேர் வேலை செய்தது என்னால், மிட்டாய் கொடுத்தது அவனுக்கு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் சபைக்கு மாதாந்திர வாக்குத்தத்த அட்டை, அதாவது மாதம் ஒரு வேத வசனம் போட்ட அட்டை, அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டு முடிந்ததும் கிளம்பலாம் என்று கடைசிப் பாயில் உட்கார்ந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை. இயேசுவை எனக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இதில் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து வருகிறவர்கள் முழுக்கின்போது வேதத்திலிருந்து புதுப்பேர் எடுப்பது சபை வழக்கம். புதுப்பேர்! நாள் முழுக்க ஊரார் பேரைத் திருத்திக் கொடுக்கிறவளுக்குக் கடைசியில் தன் பேரைத் திருத்த ஒரு வாய்ப்பு.

ஜூலை 6, ஞாயிறு

வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா அழுதாள், ஒப்பாரி ராகம் வந்ததும் அவளே பயந்து நிறுத்தினாள். பிறகு ஒரு தட்டை எடுத்துத் தனியாக வைத்து, "இனிமே ஒனக்கு இது" என்றாள். இத்தனை பேர் பிறந்த வீட்டில் எனக்கென்று ஒரு பொருள் கிடைப்பது இதுதான் முதல் தடவை.

அப்பா வாழைத்தார் வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். கையில் கறை காயவில்லை. "பங்காளிக மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது? முழுக்குப் போட்டுட்டு என் வாசப்படிய மிதிச்சிராத. சொல்லிட்டேன்" என்றார். சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். நான் என் புதுத் தட்டைக் கழுவப் போனேன்.

தம்பி கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னையே பார்த்தான்.

ஜூலை 7, திங்கள்

அலமாரிக் கதவு இடித்துக் கன்னம் வீங்கிவிட்டது. கடைக்கார மாரிச்சாமி அண்ணன் கேட்டார், வந்தவர் போனவர் எல்லாம் கேட்டார்கள். அலமாரி, அலமாரி என்று பத்துப் பேருக்குச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். எங்கள் வீட்டில் அலமாரியே கிடையாது. நல்லவேளை, அதை யாரும் கேட்கவில்லை.

ஜூலை 9, புதன்

அதற்குள் நாலாம் பக்கம்! மூன்று பக்கம் நல்லபிள்ளையாக எழுதியாயிற்று, இந்தப் பக்கத்தில் கொஞ்சம் திட்டலாம். அப்பா ஒரு பயந்தாங்கொள்ளி. ஊருக்குப் பயம், பங்காளிக்குப் பயம், எல்லாவற்றுக்கும் மேல் அலமாரிக்குப் பயம். அது கதவை ஆட்டும்போது இவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கிளம்பிவிடுகிறார். எங்கள் மாடு மட்டும் பேசுமானால், எத்தனை தடவைதான் குடிப்பேன் என்று கேட்கும்.

எழுதிவிட்டேன். கோபம் போய்விட்டது. ஆனால் எழுதியதைக் கோடு போட்டு அடிக்கப்போவதில்லை, இருக்கட்டும்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று சபையில் மானம் கப்பலேறிவிட்டது. சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது.

ஆராதனை முடிந்து பாஸ்டர் தேவசகாயம் எல்லார் முன்னாலும், "சகோதரி, பேர் தெரிஞ்செடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். ஒரு வாரமாகப் பொறுக்கி எடுத்து, கடையின் பழைய பில்களுக்குப் பின்னால் கையெழுத்துப் போட்டுக்கூடப் பழகிவிட்டேன். எழுந்து நின்று கணீரென்று, "கொமோரா" என்றேன்.

சபை அப்படியே நின்றுவிட்டது. தாளத் தட்டு வைத்திருந்தவர் கையிலிருந்து அது நழுவிக் கீழே விழுந்து, ஜல்லென்றது. சத்தம் போட்டது அது மட்டும்தான்.

பாஸ்டரம்மா செல்வக்கனி சாத்தான்குளத்துக்காரர். முதலில் சிரித்தவர் அவர்தான். "ஏட்டி, அது பேரு இல்லட்டி! பாவம் பெருத்துப்போச்சுன்னு ஆண்டவர் அக்கினியப் போட்டு எரிச்ச ஊரு!"

எனக்கு எப்படித் தெரியும்? காதுக்கு எவ்வளவு அழகாக இருக்கிறது! போதும்பொண்ணுக்கு அதுவே தேவலை என்று வாய் தவறிச் சொன்னேன். மறுபடி சிரிப்பு. கடைசியில் பாஸ்டரம்மா 'பியூலா' என்று ஒரு பேர் சொன்னார். எரியாத ஊராம். பியூலா! அதுவே இருக்கட்டும்.

ஜூலை 15, செவ்வாய்

அலமாரி மினி லாரியில் கேரளாவுக்கு லோடு ஏற்றிப் போயிருக்கிறது. வர இரண்டு நாள் ஆகும். வீட்டில் நல்ல காற்று.

ஜூலை 20, ஞாயிறு

என் வேதப்புத்தகம் வாய்க்காலில் விழுந்துவிட்டது. அரிசிப் பானைக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. தானாக எழுந்து, கொல்லையைத் தாண்டி, நூறடி நடந்துபோய் விழுந்திருக்கிறது. எனக்கு முன்னால் அது ஞானஸ்நானம் எடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

கொஞ்சம் அழுதேன். அதில் நிறைய அடிக்கோடு போட்டிருந்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

கேள்! வேதப்புத்தகம் திரும்பி வந்துவிட்டது! மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் பக்கம் பக்கமாகப் பிரித்து வெயிலில் காயப்போட்டிருந்தது. பக்கங்கள் அப்பளம்போல் மொறமொறவென்று இருக்கின்றன, ஓரமெல்லாம் வாழைக்கறை. யாரோ ஒரு புண்ணியவான் வாய்க்காலில் பார்த்து எடுத்து வைத்திருக்க வேண்டும். இந்த ஊரில் வாழைக்கறை இல்லாத கை யாருக்கு இருக்கிறது? ஆள் யாரென்று தெரியாமல் பொதுவாக ஒரு ஸ்தோத்திரம் சொல்லி வைத்தேன்.

இந்த நோட்டிலும் ஒரு கறை இருக்கிறது. தலையணைக்கு அடியில் வைத்தது, பாய்க்கு அடியில் கிடந்தது. நான்தான் எங்கே வைத்தோம் என்று தெரியாமல் திரிகிறேன்போல. பியூலாவாவது பொறுப்பாக இருக்க வேண்டும்.

ஜூலை 30, புதன்

ஆகஸ்ட் மாத வாக்குத்தத்த அட்டை அடித்தாகிவிட்டது. மொத்தம் நூற்றைம்பது. இந்த மாத வாக்கு, 'கிருபை உனக்குப் போதும்.' உடம்பில் முள் குத்தினதுபோல் ஒரு வேதனையை வைத்துக்கொண்டு, எடுத்துவிடும் என்று மூன்று தரம் கேட்டவருக்கு ஆண்டவர் சொன்ன பதிலாம். முள்ளை எடுக்கவில்லையாம், இது மட்டும் கொடுத்தாராம். யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அவசரம். அலமாரியின் கூட்டாளிகள் இரண்டு பேர் கடை வாசலில் பைக்கை முறுக்கிக்கொண்டே நின்றார்கள். திரும்பிப் படித்துப் பார்க்காமலே பிரிண்ட் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஐயோ, ஐயோ, ஐயோ.

கடைக் கம்ப்யூட்டரில் இரண்டெழுத்து அடித்தால் மிச்சத்தை அதுவே போட்டுக்கொள்ளும். பில் அடிப்பவர் என்ற இடத்தில் தினமும் என் பேரை நாற்பது தடவை அடிக்கிறேன். 'போதும்' என்று அடித்தால் அது என்ன செய்யும்? செய்துவிட்டது.

விடியற்காலை வாக்குத்தத்த ஆராதனையில் பாஸ்டர் அட்டையைக் கொடுத்து, "சத்தமாய் வாசிங்க" என்றார். நூறு பேரும் ஒரே குரலில் வாசித்தார்கள்: "கிருபை உனக்குப் போதும்பொண்ணு."

முதல் தடவை யாருக்கும் புரியவில்லை. பாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "மறுபடியும்" என்றார். மறுபடியும் போதும்பொண்ணு. அப்புறம் கிளம்பிய சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தைகள் எல்லாம் எழுந்துவிட்டன. நான் பாய்க்கு அடியில் போயிருப்பேன், பாய் பத்தவில்லை.

வெளியே வரும்போது பாஸ்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "நான் சொல்லுதேன் கேளு. ஆண்டவருக்கு ஒம் பேரு நல்லாத் தெரிஞ்சிருக்கு. ஒனக்குத்தான் அது பிடிக்க மாட்டேங்கு" என்றார்.

நானும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அட்டையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடவுள் ஒரு பதில் சொல்கிறார், அதன் கடைசியில் என்னைக் கூப்பிடுகிறார். அச்சுப் பிழைதான், தெரியும். பிழை செய்தவளே நான்தான். இருந்தாலும், இருபத்தாறு வருடமாக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்த சொல் இன்றுதான் வேறு மாதிரி கேட்டது.

ஆகஸ்ட் 2, சனி

பியூலா வேண்டாம் என்று பாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். என் பேரிலேயே முழுக்குக் கொடுங்கள் என்றேன். அவர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "சபை வழக்கம்னு ஒண்ணு இருக்கேம்மா" என்றார். என்னைக் கூப்பிட்டவர் இந்தப் பேரில் இருந்தவளைத்தானே கூப்பிட்டார் என்று கேட்டேன். அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். "ஜெபிச்சுச் சொல்றேன்" என்றார்.

வீட்டில் ஒரு பக்கம், சபையில் ஒரு பக்கம். எனக்குப் பிடிவாதம் பத்தாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அட்டையைச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். மத்தியானம் கிழிந்து கிடந்தது. சாயங்காலம் துண்டுகளையும் காணோம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

விடுமுறை! மாரிச்சாமி அண்ணன் கொடுத்தார். "நாளையிலருந்து வராதம்மா. ஒன் தம்பி ஆளுகளோட வந்து கண்ணாடிய ஒடைப்பேங்கிறான். நான் பிள்ளகுட்டிக்காரன்" என்றார். எத்தனை நாள் விடுமுறை என்று கேட்டேன். அவர் அழுதுவிட்டார். பாவம், அவருக்கு நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

வரும் வழியில் பாலத்தின் மேல் நின்று ஆற்றைப் பார்த்தேன். தண்ணீர் நன்றாகப் போகிறது. இன்னும் ஆறு நாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று சிரிப்பு வரவில்லை. வலது கை எழுத உதவவில்லை, இடது கையால் எழுதுகிறேன். முழுக்குக்குப் போகமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல் என்று அலமாரி கேட்டது. ஒரு வார்த்தைதான். சொல்லவில்லை. பயமாக இருந்தது, அதனால்தான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். தைரியம் என்றெல்லாம் ஒன்றும் இல்லை.

மாடு இன்றும் தண்ணீர் குடித்தது.

ஆகஸ்ட் 9, சனி

பாஸ்டரம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு மாற்றுச் சேலை, வேதப்புத்தகம், என் தட்டு. நோட்டை அவசரத்தில் அங்கேயே விட்டுவிட்டேன், ஆகவே இதை அட்டைக்குப் பின்னால் எழுதுகிறேன். அட்டைதான் நூற்றைம்பதில் ஐம்பது மிச்சம் இருக்கிறதே! கையைப் பார்த்த பாஸ்டரம்மா எண்ணெய் போட்டு நீவிவிட்டார். "எந்த அலமாரிட்டி இது?" என்று கேட்டார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தூக்கம் வராது என்று நினைக்கிறேன். நாளைக்கு! நாளைக்கு!

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது? தலை இன்னும் காயவில்லை.

காலையில் சபை முழுக்கக் கரையில் நின்று பாடிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு நான் தண்ணீரில் இறங்கினேன். ஆடி மாசத்துத் தண்ணீர், ஜில்லென்று இடுப்பு வரை. பாஸ்டர் என் தலையில் கை வைத்து, "பேர் என்ன?" என்று கேட்டார். "போதும்பொண்ணு" என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு உரக்க, "போதும்பொண்ணே, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்திலே" என்று ஆரம்பித்தார். என் பேரை அவ்வளவு மரியாதையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். போகும்போதுதான் கண்ணில் பட்டது. கரையில், புளியமரத்தடியில், அப்பா. கையில் ஒரு பை.

என் சாமான்களை எல்லாம் கட்டி எடுத்து வந்துவிட்டார், தலைமுழுகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் கால் பாசியில் வழுக்கி, பாஸ்டர் பிடியிலிருந்து நழுவி ஆழமான பக்கம் அடியில் போய்விட்டேன். அதிலும் எனக்குச் சிரிப்பு. முழுக்கு என்றால் அரைகுறையாகவா எடுப்பாள் போதும்பொண்ணு? தண்ணீருக்குள் சிரித்தால் என்ன ஆகும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

அப்போது தண்ணீருக்கு மேலே ஒரு கத்தல் கேட்டது.

"போதும் பொண்ணு! போதும்! மேல வா ஆத்தா, போதும்!"

அப்பா வேட்டியோடு கழுத்தளவு தண்ணீரில் நின்றார். அவருக்கு நீச்சல் தெரியாது. என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கியது அவர் கைதான். கரையில் இருந்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது. யாரோ ஒரு பெரியவர் ஆற்றுக்குள் பாய்ந்து மாத வாக்குத்தத்தத்தைச் சாட்சியாக அறிக்கை செய்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். "போதும்! போதும்!" என்று அவர் அலற அலற, இவர்கள் "அல்லேலூயா!" என்கிறார்கள். தாளத் தட்டு வேறு. அப்பா மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். நான் இருமிக்கொண்டே சிரித்தேன், அழுதேன். எது எது எவ்வளவு என்று தெரியவில்லை.

கரையேறியதும் பையிலிருந்து துண்டை எடுத்துக் கொடுத்தார். பையில் அதுதான் இருந்தது. அப்புறம் இந்த நோட்டு. சட்டைப் பையில், கிழிந்த துண்டுகளைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி, இப்போது நனைந்து ஊறிப்போன வாக்குத்தத்த அட்டை. மூன்றாம் வகுப்புப் படித்தவர், பஸ் ஸ்டாண்டு போஸ்டரையே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்.

"இதுல என்னமோ என்னையக் கேக்காமலே எம்பிள்ளயக் கூப்பிட்டு எழுதியிருக்குன்னு நெனச்சேன்" என்றார். பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டு, "வாசப்படியத்தான் மிதிக்கக் கூடாதுன்னேன். கொல்லப்பக்கமா வா" என்றார்.

எனக்குக் கால் வரவில்லை. வீட்டை நினைத்ததும் வலது கை தானாக மடங்கிக்கொண்டது. அப்பா அதைப் பார்த்தார். இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினார்.

"பயப்படாத. அலமாரியப் பூட்டிட்டுத்தான் வந்தேன்."

நேற்று லோடு இறக்கிவிட்டுத் தூங்கிய தம்பியை அறையில் வைத்து வெளியே பூட்டிவிட்டு வந்திருக்கிறார். துண்டோடு அப்படியே நின்றேன். அலமாரி என்று தம்பியைச் சொல்வது இந்த நோட்டைத் தவிர உலகத்தில் வேறு எதற்கும் தெரியாது.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று காலை கொல்லைப்பக்கமாகத்தான் வந்தேன். அம்மா என் தட்டைக் கேட்டாள். கொடுத்தேன். அதைக் கழுவி மற்ற தட்டுகளோடு சேர்த்து அடுக்கினாள். எது என்னுடையது என்று இப்போது தெரியவில்லை.

நேற்று பூட்டைத் திறந்ததும் அப்பா கதவை மறித்து நின்றாராம். "இனி அவ மேல கை பட்டா, இந்த வீட்டுல வாசப்படி மிதிக்காத ஆளு நீதான்" என்றாராம். சொன்னது அம்மா. சொல்லும்போது அப்பாவின் குரல் நடுங்கியதையும் சொன்னாள். அலமாரி இன்று முழுக்கக் கதவைத் திறக்கவில்லை. அதற்காகவும் ஜெபிக்கச் சொல்கிறார் பாஸ்டரம்மா. இன்றைக்கு முடியவில்லை. நாளைக்கு முயற்சி செய்கிறேன்.

வேலை தேட வேண்டும். கை ஆற வேண்டும். பங்காளிகள் வரப்போகிறார்கள். முள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் என்னால் உட்கார முடியவில்லை, பாட்டாக வருகிறது.

அப்பா, இதையும் படிப்பீர்கள் என்று தெரியும். ஒரே ஒரு வேண்டுகோள். நாலாம் பக்கத்தை மட்டும் படிக்காமல் தள்ளிவிடுங்கள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் நோட்டைத் திறந்தேன். நேற்று எழுதியதற்குக் கீழே பென்சிலால், கோணல் மாணலான பெரிய எழுத்தில், பக்கத்தில் வாழைக்கறையோடு இருந்தது:

அத தான் முதல்ல படிச்சேன் பொண்ணு